ஓரம் வெட்டும் டிவியும் உள்ளங்கைக் கணினியும்

இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு மாணவன், ஆலங்குடி



ஆண்டு மலரில் கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் நம்மில் பலருக்கு லேபிலும் வீட்டிலும் தலைவலி கொடுக்கும் ஒரு சின்ன விஷயத்தைப் பாடமாக எழுதுகிறேன். படித்துவிட்டு மலரை மூடி வைக்காமல், ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ராஸ்பெர்ரி பை என்னும் ஒற்றைப்பலகைக் கணினியை நம்மில் அநேகர் இப்போது பார்த்திருப்போம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில், பள்ளிப் பிள்ளைகள் குறைந்த செலவில் கணினி கற்க வேண்டும் என்ற எண்ணத்தில் உருவாக்கி, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு விட்டார்கள். முதலில் வந்த மாடல் பி போர்டின் விலை 35 டாலர். அதில் மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. "வீட்டில் இருக்கிற டிவியில் மாட்டிக்கொள்ளுங்கள்" என்பதுதான் ஏற்பாடு. அதற்காகவே போர்டில் எச்.டி.எம்.ஐ. வாயுடன், பழைய டிவிக்கான மஞ்சள் நிற ஆர்.சி.ஏ. சாக்கெட்டையும் வைத்தார்கள்.

அந்த மஞ்சள் சாக்கெட் யாருக்குப் பயன்பட்டதோ இல்லையோ, நமக்குப் பயன்பட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நம் வீட்டில் இருக்கும் டிவி

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975-ல் வந்தது. கலர் ஒளிபரப்பு 1982-ல். ஆனால் நம் பக்கத்துக் குடிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் கலர் டிவி வந்தது 2006-க்குப் பிறகுதான். தமிழக அரசு அந்த ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குல டிவி கொடுத்தார்கள். 2011-ல் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் வீடுகளுக்குப் போய்விட்டன. என் வயதுக்காரர்கள் தொட்டிலில் கிடந்து பார்த்த டிவி அதுதான்.

இன்று அவை என்ன ஆயின? சில பழைய இரும்புக் கடைக்குப் போயின. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த கஜா புயலில் ஆலங்குடி வட்டாரத்தில் கூரை பறந்த வீடுகளில் சில நனைந்து போயின. மீதி பரண் மேலும் மூலையிலும் துணி போர்த்தி இருக்கின்றன. எங்கள் வீட்டில் இன்னும் ஒன்று இருக்கிறது. முன்பக்கமோ பின்பக்கமோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருந்தால் அது வெறும் டிவி இல்லை, ஒரு மானிட்டர்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். வயல் வேலைக்குப் போகும் அம்மாவிடம் "மானிட்டர் வேண்டும்" என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. இதைப் படிக்கும் பல பேர் வீட்டிலும் அதே கதைதான் என்று எனக்குத் தெரியும். லேபில் ஒரு போர்டுக்கு மூன்று பேர் உட்காருகிறோம். ஒருத்தர் தட்டுவார், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்போம். வீட்டில் ஒரு திரை இருந்தால் நாமும் தட்டலாம் அல்லவா?

"லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கே, அதில் மாட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண லேப்டாப்பில் இருப்பது வெளியே போகிற வழி மட்டுமே. உள்ளே வர அதில் வழி கிடையாது. ஆகவே அது உதவாது. டிவிதான் உதவும்.

நோய் எது?

சரி, டிவியில் மாட்டியாயிற்று. படம் வருகிறது. ஆனால் மேல் ஓரத்தில் இருக்க வேண்டிய மெனு பட்டை பாதிதான் தெரிகிறது. டெர்மினலைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு மூன்று எழுத்தைக் காணோம். கீழே நாம் தட்டுகிற வரியே கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் பையன்கள் மூன்று முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, "போர்டு போச்சுடா." இரண்டு, "டிவி போச்சு." மூன்று, "டிவி பின்மூடியைக் கழற்றி உள்ளே ஒரு திருகைத் திருப்பினால் படம் சுருங்கும்." முதல் இரண்டும் பொய். மூன்றாவது உயிருக்கு ஆபத்து. அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

உண்மையில் எதுவும் கெடவில்லை. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். டிவி தயாரித்தவர்கள் தெரிந்தே செய்த வேலை இது.

ஏன் ஓரம் வெட்டுகிறது?

படக்குழாய்க்குள் எலக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடுகிறது. நம் நாட்டு பால் முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ விநாடி. 625-ல் படம் தாங்கி வருவது 576 கோடுகள்தான். மீதி நேரத்தில் கதிர் கீழிருந்து மேலே திரும்பிப் போகிறது.

இந்தக் கதிரை வளைப்பது குழாயின் கழுத்தில் உள்ள காயில். எவ்வளவு வளைய வேண்டும் என்பது காயிலில் ஓடும் மின்னோட்டத்தையும், குழாய்க்குக் கொடுக்கும் உயர் மின்னழுத்தத்தையும் பொறுத்தது. அந்த உயர் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் கதிரின் வேகம் குறையும், வேகம் குறைந்த கதிர் அதிகமாக வளையும், படம் பெரிதாகும். மாறாக, காயிலில் மின்னோட்டம் குறைந்தால் படம் சிறுக்கும். அந்தக் காலத்து டிவிகளில் சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தால் படம் சுருங்கி நாலு பக்கமும் கறுப்பு விழுந்ததை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதோடு ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் வயதாக ஆக மதிப்பு மாறும். இரண்டு டிவியும் ஒரே அச்சாக இருக்காது. கண்ணாடியின் விளிம்புக்குச் சரியாகப் படத்தை நிறுத்தினால், ஒரு வருடம் கழித்து ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும். வாங்கியவர் சண்டைக்கு வருவார். ஆகவே கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி, ஒவ்வொரு பக்கமும் நூற்றுக்குச் சுமார் ஐந்து பங்கு அதிகமாகவே படத்தை வரைய விட்டார்கள்.

தையற்காரர் துணி வெட்டுவதை நினைத்துப் பாருங்கள். உடம்பு அளவுக்குச் சரியாக வெட்ட மாட்டார். மடிப்புக்கும் தையலுக்கும் கொஞ்சம் விட்டு வெட்டுவார். உள்ளே மடிந்து போகிற அந்தத் துணியில் யாரும் பூ வேலை செய்வதில்லை. ஒளிபரப்புக்காரர்களுக்கும் இது தெரியும். படத்தின் நடு 80 சதவீதத்துக்குள் எழுத்தும், 90 சதவீதத்துக்குள் முக்கியமான காட்சியும் இருக்க வேண்டும் என்று படக்குழாய்க் காலத்தில் கணக்கு வைத்திருந்தார்கள். அதனால்தான் செய்தி வாசிக்கும்போது கீழே ஓடிய எழுத்து நமக்கு வெட்டுப்படவில்லை.

கணினிக்கு இந்த வழக்கம் கிடையாது. அது 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் என்று நம்புகிறது. மெனுவைக் கொண்டுபோய் விளிம்பிலேயே வைக்கிறது. மடிப்புத் துணியில் பூ வேலை செய்த கதைதான்.

மருந்து என்ன என்பது இப்போது தெளிவு. டிவியை மாற்ற முடியாது. கணினியிடம், "நாலு பக்கமும் இவ்வளவு இடம் விட்டு எழுது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. கேபிள். 2014-ல் வந்த மாடல் பி பிளஸ் முதல் மஞ்சள் சாக்கெட் போய், செவிப்பொறி மாட்டுவது போன்ற 3.5 மில்லிமீட்டர் ஜாக் வந்தது. அதன் பின்னில் நான்கு பட்டைகள் உண்டு. நுனி இடது ஒலி, அடுத்த வளையம் வலது ஒலி, அதற்கடுத்த வளையம் கிரவுண்டு, கடைசியாகப் பிடிக்கு அருகில் உள்ளது வீடியோ. கடைகளில் கிடைக்கும் கேபிள்கள் பலவற்றில் கிரவுண்டும் வீடியோவும் இடம் மாறி இருக்கும். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், படம் மட்டும் வராது. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் பிளக்கின் நடு ஊசிக்கும் ஜாக்கின் கடைசிப் பட்டைக்கும் ஒலி வர வேண்டும். மஞ்சள் பிளக்கின் வெளி உலோகத்துக்கும் மூன்றாவது பட்டைக்கும் ஒலி வர வேண்டும். ஒரு நிமிட வேலை. கடைக்குப் போகும்போதே மீட்டரைக் கையில் கொண்டு போனால் காசு மிச்சம்.

2. மின்சாரம். பை 3 போர்டுக்கு 5 வோல்ட் 2.5 ஆம்பியர், பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். பழைய போன் சார்ஜர் போதாது. மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் போர்டு எச்சரிக்கும். பழைய மென்பொருளில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு மின்னல் குறி வரும். வேடிக்கை என்னவென்றால், ஓரம் வெட்டும் டிவியில் அந்த மூலையே தெரியாது. எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், நாம் பார்க்கவே மாட்டோம். போர்டு தானாக நின்று நின்று தொடங்கினால் முதலில் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள்.

3. எந்த வாய் முந்தியது. பை 3 வரையிலான போர்டுகளில், சுவிட்சு போடும்போது எச்.டி.எம்.ஐ. மாட்டியிருந்தால் பழைய டிவி வழி அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பை 4-ல் பழைய டிவி வழி ஆரம்பத்திலேயே மூடித்தான் இருக்கும். அமைப்புக் கோப்பில் 'எனேபிள்_டிவிஅவுட்=1' என்று எழுதித் திறக்க வேண்டும். 2023-ல் வந்த பை 5-ல் ஜாக்கே இல்லை. போர்டில் சால்டர் வைக்கும் புள்ளிகள் மட்டும் உண்டு.

4. முறை. பழைய மென்பொருள் சும்மா விட்டால் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் படம் அனுப்பும். நம் டிவியில் அது உருண்டு ஓடலாம், அல்லது கறுப்பு வெள்ளையாக வரலாம். 'எஸ்டிடிவி_மோட்=2' என்று எழுதினால் பால் முறைக்கு மாறும்.

இந்த நாலும் சரியான பிறகுதான் ஓரத்தைப் பற்றிப் பேச வேண்டும். இல்லையென்றால் காய்ச்சலுக்குக் கண் மருந்து போட்ட மாதிரி ஆகும்.

எங்கே எழுதுவது?

எஸ்.டி. கார்டில் 'பூட்' என்று ஒரு பகுதி உண்டு. அதை எந்தக் கணினியிலும் திறக்கலாம். இது பெரிய வசதி. டிவியில் ஒன்றுமே தெரியாவிட்டாலும், கார்டைக் கழற்றி லேப் கணினியில் செருகி, 'கான்ஃபிக்' என்ற கோப்பை நோட்பேடில் திறந்து திருத்தலாம். நான் இங்கே தமிழில் எழுதும் கட்டளைகளைக் கோப்பில் சிறிய ஆங்கில எழுத்தில், வார்த்தைகளுக்கு நடுவே அடிக்கோடு போட்டு, சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடாமல் எழுதுங்கள். வரியின் முன்னால் கட்டக் குறி இருந்தால் கணினி அந்த வரியைப் படிக்காது. அதை நீக்க வேண்டும். திருத்துவதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

பழைய மென்பொருள் தானாகவே கொஞ்சம் ஓரம் விடும். சாதாரண டிவி முறைக்கு ஒவ்வொரு பக்கமும் 32 புள்ளி, எச்.டி. டிவி முறைக்கு 48 புள்ளி, மானிட்டர் முறைக்கு 0. நம் டிவிக்கு அது பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தாவிட்டால் நாமே அளந்து போட வேண்டும்.

அளக்கும் முறை

பலர் 20 போட்டுப் பார், 30 போட்டுப் பார் என்று பத்துத் தடவை போர்டை நிறுத்தித் தொடங்குகிறார்கள். நாம் டிப்ளமோ படிப்பவர்கள். அளந்து செய்வோம்.

முதலில் 'டிஸேபிள்_ஓவர்ஸ்கேன்=1' என்று எழுதுங்கள். தானாக விடும் ஓரம் நீங்கிவிடும். இப்போது திரை 720-க்கு 576 முழுதாக ஓடும். டெஸ்க்டாப் வேண்டாம், எழுத்துத் திரை போதும். அதில் ஒரு எழுத்து 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ஆக, 720-ஐ 8-ஆல் வகுத்தால் ஒரு வரிக்கு 90 எழுத்து. 576-ஐ 16-ஆல் வகுத்தால் 36 வரி. சந்தேகம் இருந்தால் 'எஸ்டிடிஒய் சைஸ்' என்று கட்டளை கொடுங்கள். வரியும் எழுத்தும் எத்தனை என்று அதுவே சொல்லும். வேறு எண் வந்தால் அதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்.

லேப் கணினியில் ஓர் அளவுக் கோப்பு தயார் செய்யுங்கள். ஒரு வரியில் 1 முதல் 9 வரை, பிறகு 0. இதையே ஒன்பது முறை எழுதினால் 90 எழுத்து. இப்படி 35 வரிகள். ஒவ்வொரு வரியின் நடுவிலும் சில இலக்கங்களை அழித்து அதே இடத்தில் வரி எண்ணை எழுதுங்கள். அதாவது நம் ஸ்கேலைப் போல, அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரே கோப்பு. 36-வது வரி கட்டளை தட்டுவதற்காக விட்டது.

டிவியை ஒரு கால் மணி நேரம் ஓட விட்டு, குழாய் சூடான பிறகு, திரையைத் துடைத்துவிட்டு இந்தக் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு:

இடது ஓரத்தில் முதலில் தெரிவது 4. காணாமல் போனது 3 எழுத்து. 3 பெருக்கல் 8, ஆக 24 புள்ளி.

வலது ஓரத்தில் கடைசியாகத் தெரிவது 8. போனது 9-ம் 0-ம், 2 எழுத்து. ஆக 16 புள்ளி.

மேலே முதலில் தெரியும் வரி எண் 3. போனது 2 வரி. 2 பெருக்கல் 16, ஆக 32 புள்ளி.

கீழே கடைசியாகத் தெரியும் வரி 34. போனது 35-ம் 36-ம். ஆக 32 புள்ளி.

ஓர் எழுத்து பாதி வெட்டுப்பட்டிருந்தால் அதற்கு 4 புள்ளி, வரி பாதி என்றால் 8 புள்ளி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கோப்பில் நாலு வரி:

ஓவர்ஸ்கேன்_லெஃப்ட்=24
ஓவர்ஸ்கேன்_ரைட்=16
ஓவர்ஸ்கேன்_டாப்=32
ஓவர்ஸ்கேன்_பாட்டம்=32

கார்டைப் போட்டுத் தொடங்கினால் நாலு மூலையும் தெரியும். மிகப் பழைய மென்பொருளாக இருந்து இந்த எண்கள் ஏறவில்லை என்றால், டிஸேபிள் வரியை 0 ஆக்கிவிட்டு மறுபடி ஒரு முறை அளந்து கொள்ளுங்கள். எழுத்து சரியாக இருந்து, சினிமாப் படம் ஓடும்போது மட்டும் ஓரம் வெட்டினால் 'ஓவர்ஸ்கேன்_ஸ்கேல்=1' சேருங்கள்.

இதில் நாம் இழந்தது எவ்வளவு? அகலத்தில் 40 போய் 680. உயரத்தில் 64 போய் 512. பரப்பில் நூற்றுக்கு 84 பங்கு மிஞ்சுகிறது. ஒரு வரிக்கு 85 எழுத்து, 32 வரி. பைத்தான் நிரல் எழுதிப் பழக இது தாராளம்.

ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டு டிவிக்குப் போட்ட எண் உங்கள் டிவிக்குப் பொருந்தாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் பொருந்தாது. ஏன் என்று மேலே பார்த்தோம். அளந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி டிவியின் முதுகில் ஒட்டி வையுங்கள்.

புதிய மென்பொருள் கேட்க மாட்டேன் என்கிறதே?

"எல்லாம் எழுதிவிட்டேன், ஒரு புள்ளிகூட நகரவில்லை" என்பவர்கள் கவனிக்க வேண்டும். 2021-ல் வந்த புல்ஸ்ஐ பதிப்பிலிருந்து ராஸ்பெர்ரி பை மென்பொருளில் திரையை நடத்தும் பொறுப்பு கை மாறிவிட்டது. முன்பு போர்டின் ஃபர்ம்வேர் நடத்தியது. அது கான்ஃபிக் கோப்பைப் படித்தது. இப்போது லினக்ஸ் கெர்னலே நேரடியாக நடத்துகிறது. அதற்குக் கான்ஃபிக் கோப்பில் உள்ள ஓவர்ஸ்கேன் வரிகள் கணக்கே இல்லை. வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட வேண்டிய மனுவை ரேஷன் கடையில் கொடுத்தால் யார் என்ன செய்ய முடியும்? மனுவில் தப்பில்லை, கொடுத்த இடம்தான் வேறு.

எச்.டி.எம்.ஐ. வழியாக டிவியில் மாட்டியிருந்தால், 'சிஎம்டிலைன்' என்ற கோப்பில் வீடியோ என்று தொடங்கும் பகுதியில், திரை அளவுக்குப் பின் காற்புள்ளி போட்டு 'மார்ஜின்_லெஃப்ட்', 'மார்ஜின்_ரைட்', 'மார்ஜின்_டாப்', 'மார்ஜின்_பாட்டம்' என்று எண்களைக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரி. நடுவில் என்டர் தட்டினால் போர்டு கிளம்பாது. இதெல்லாம் வேண்டாம் என்றால் அமைப்பு மெனுவில் 'டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ்' போய் 'அண்டர்ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். 2023-ல் வந்த புக்வோர்ம் பதிப்பில் இந்தக் கோப்புகள் இரண்டும் பூட் அடைவுக்குள் 'ஃபர்ம்வேர்' என்ற இடத்துக்கு மாறிவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய படக்குழாய் டிவிக்கு என்றால், பை 3-க்கு உட்பட்ட போர்டில் புல்ஸ்ஐக்கு முந்திய பஸ்டர் பதிப்பை ஏற்றிப் பழகுவது எளிது.

எல்.இ.டி. டிவிக்கு வேறு வைத்தியம்

எல்.இ.டி. டிவியில் எலக்ட்ரான் கதிர் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. அப்படியிருந்தும் பழைய பழக்கத்தில் சில டிவிகள் படத்தைக் கொஞ்சம் இழுத்து ஓரத்தை வெட்டுகின்றன. இதற்குப் போர்டில் கை வைக்கக் கூடாது. டிவி ரிமோட்டில் படத்தின் அளவைத் தேடுங்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இருக்கும். அதைப் போட்டால் தீர்ந்தது. போர்டில் சுருக்கி, டிவியில் இழுத்தால் எழுத்து மங்கிப் போகும், கண்தான் வலிக்கும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. படம் நடுவில் சின்னதாகவும் சுற்றிலும் கறுப்புச் சட்டமாகவும் இருந்தால், தேவையில்லாத இடத்தில் ஓரம் விடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். டிஸேபிள் வரியை 1 ஆக்குங்கள். போதும்.

டிவி முதுகைத் திறக்காதீர்கள்

முன்னே சொன்ன மூன்றாவது முடிவுக்கு வருகிறேன். படக்குழாய் டிவிக்குள் படத்தின் உயரத்தை மாற்றும் திருகு உண்டு, உண்மைதான். ஆனால் உள்ளே வேறு என்ன இருக்கிறது தெரியுமா? 230 வோல்ட்டை நேர்மின்னாக மாற்றி வைத்திருக்கும் கப்பாசிட்டரில், 230 பெருக்கல் 1.414, அதாவது சுமார் 325 வோல்ட். படக்குழாயின் தலையில் சிவப்பு ஒயர் போகும் இடத்தில் 20,000 வோல்ட் அளவில். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாய் அந்த மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஏனென்றால் குழாயே ஒரு கப்பாசிட்டர். தொட்டால் கை உதறும்; உதறிய கை குழாயின் கழுத்தில் பட்டால் கண்ணாடி உடையலாம்.

பள்ளிக்கூடம் போகாத வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பாலிடெக்னிக் வரை வந்திருக்கிறது. ஓரத்தில் மூன்று எழுத்து தெரியவில்லை என்பதற்காக அந்த உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா? கோப்பில் நாலு வரி எழுதினால் முடிகிற வேலைக்குத் திருப்புளி எதற்கு? மழையில் நனைந்த டிவி, குழாயில் விரிசல் விட்ட டிவி, கருகிய வாடை வரும் டிவி, இவற்றுக்குச் சுவிட்சே போடாதீர்கள்.

சுருக்கமாக

படமே இல்லை: கேபிளின் பட்டைகளை மீட்டரில் பாருங்கள், எச்.டி.எம்.ஐ.யைக் கழற்றுங்கள்.
படம் உருளுகிறது, கலர் இல்லை: பால் முறைக்கு மாற்றுங்கள்.
நாலு ஓரமும் வெட்டுகிறது, பழைய டிவி: அளந்து ஓவர்ஸ்கேன் எண்களைக் கொடுங்கள்.
நாலு ஓரமும் வெட்டுகிறது, எல்.இ.டி. டிவி: முதலில் ரிமோட், பிறகுதான் போர்டு.
சுற்றிலும் கறுப்புச் சட்டம்: டிஸேபிள் ஓவர்ஸ்கேன் 1.
எண் மாற்றியும் அசையவில்லை: திரையை நடத்துவது யார் என்று பார்த்து உரிய கோப்பில் எழுதுங்கள்.
நின்று நின்று தொடங்குகிறது: சார்ஜர்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் பேரவை ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டு விழா நடத்துகிறது, மலர் வெளியிடுகிறது. அத்துடன் இந்த ஆண்டு இன்னொன்றும் செய்யலாம். வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், மறமடக்கி என்று சுற்று வட்டாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற நம் நண்பர்களின் வீடுகளில் சும்மா கிடக்கும், நல்ல நிலையில் உள்ள ஐந்து டிவிகளைக் கேட்டு வாங்கி, ஒரு அறையில் வைக்கலாம். ஒவ்வொரு டிவியின் முதுகிலும் அதன் நாலு எண்களை எழுதி ஒட்டலாம். மாலை வகுப்பு முடிந்து கடைசி பஸ் வரும் வரை முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் அதில் பழகட்டும். பழைய இரும்புக் கடையில் அந்த டிவிக்கு என்ன கொடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது; உடைத்துக் குப்பையில் போட்டால் மண்ணுக்கும் கேடு. படிக்கிற பிள்ளைக்கு முன்னால் இருந்தால் அது இன்னும் சில வருடம் உழைக்கும்.

டிவி தர முன்வருபவர்கள், அளக்க உதவி வேண்டுபவர்கள் மதிய உணவு இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். அளவுக் கோப்பு என்னிடம் இருக்கிறது. கார்டு கொண்டு வந்தால் ஏற்றித் தருகிறேன். மல்டிமீட்டர் மட்டும் லேபிலிருந்து கேட்டு வாங்க வேண்டும்.